மௌனத்துக்கு ரெண்டு அர்த்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்காலை. பெயர் வேண்டாம். அங்கே இண்டக்‌ஷன் ஃபர்னஸின் குளிர்விப்புத் தண்ணீரைக் கண்காணிக்க ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஃபர்னஸைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருளுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணும். சுருளுக்கும் உருகிய இரும்புக்கும் நடுவில் இருப்பது சில அங்குல லைனிங் மட்டும்தான். குளிர்விப்பு தவறி, சுருள் ஓட்டையாகி, தண்ணீரும் உருகிய இரும்பும் சந்தித்தால் வெடிக்கும். அந்த மேடையில் ஆள் நிற்கிறார்.

திட்டம் எளிது. திரும்பி வரும் தண்ணீரின் வெப்பநிலை மாறும்போதெல்லாம் ஐஓடி தளத்தில் ஒரு நிகழ்வு கிளம்பும். அந்த நிகழ்வுக்குச் சந்தா போட்டிருக்கும் என் ஹேண்ட்லர் அதை வாங்கிப் பார்க்கும். வரம்பு தாண்டினால் அலாரம். சோதித்துப் பார்த்தோம், நன்றாகவே வேலை செய்தது.

ஒரு நைட் ஷிப்டில் திரை 41 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம், 41தான். பழைய ஃபர்னஸ்காரர் ஒருத்தர் வழக்கம்போல ரிட்டர்ன் குழாய் மேல் கையை வைத்தார், சட்டென்று எடுத்தார். உடனே பவரை இறக்கச் சொல்லிவிட்டார். வடிகட்டி அடைத்திருந்தது. ஃபர்னஸில் தனியாக ஒரு வெப்பச் சுவிட்ச் உண்டு, அது டிரிப் ஆகும் முன்பே அவர் கை முந்திக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகலை. மறுநாள் என்னிடம் கேட்டார்: "என்ன தம்பி, உங்க மிஷினு தூங்கிடுச்சா?"

தூங்கவில்லை. அதை யாரும் கூப்பிடவே இல்லை. சென்சாரிலிருந்து வரும் ஆர்எஸ்-485 வயரின் ஸ்க்ரூ அதிர்வில் தளர்ந்திருந்தது. கேட்வே கடைசியாகக் கிடைத்த 41ஐ அப்படியே வைத்துக்கொண்டது. மதிப்பு மாறவில்லை, அதனால் நிகழ்வு இல்லை. நிகழ்வு இல்லை, அதனால் ஹேண்ட்லர் ஓடவில்லை. லாகில் ஒரு பிழைகூட இல்லை. ஓடாத கோடு எங்கிருந்து பிழை எழுதும்?

இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனபோதுதான் சுவாரசியமான ஒரு வரலாறு கிடைத்தது.

அந்த வயரில் ஓடுவது மாட்பஸ். 1979இல் மாடிகான் நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, இன்றைக்கும் நம்மூர் ஆலைகளில் சக்கைப்போடு போடுகிறது. அதில் கருவி தானாகப் பேசாது. மேலே இருப்பவர் கேட்கணும், அது பதில் சொல்லும். பதில் வரவில்லை என்றால் அடுத்த நொடியே தெரிந்துவிடும்: ஏதோ கோளாறு.

1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்க்கம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க எம்க்யூடிடி என்ற நெறிமுறையை உருவாக்கினார்கள். செயற்கைக்கோள் இணைப்பு, குறைந்த அலைவரிசை, அதிகச் செலவு. சும்மா சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கருவி தானாகச் சொல்லட்டும், வேண்டியவர்கள் சந்தா போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும் என்று திருப்பிப் போட்டார்கள். 2009இல் தொடங்கி, 2013 இறுதியில் பிடிசி வாங்கிய திங்வொர்க்ஸ் போன்ற தளங்களில் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்கள் செய்வதும் இதுதான். நிகழ்வை அறிவிக்கிறோம், சந்தா போடுகிறோம், ஹேண்ட்லர் எழுதுகிறோம்.

மாறியது திசை மட்டும் இல்லை, மௌனத்தின் அர்த்தமும்தான். கேட்கிற முறையில் மௌனம் என்றால் கோளாறு. சொல்கிற முறையில் மௌனம் என்றால் எல்லாம் சுகம். எங்கள் கேட்வே இந்த ரெண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. கீழே பதில் வரவில்லை என்பது அதற்குத் தெரியும். மேலே அதை 'மாற்றம் இல்லை' என்று மொழிபெயர்த்துவிட்டது.

எம்க்யூடிடிகாரர்கள் இதை யோசிக்காமல் இல்லை. கருவி இணையும்போதே ஒரு உயில் எழுதிக் கொடுத்துவிடலாம். அது ஒப்புக்கொண்ட இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் சத்தமே இல்லையென்றால் புரோக்கர் இணைப்பை முறித்துவிட்டு உயிலைப் படித்துவிடும். ஆனால் எங்கள் கேட்வே உயிரோடுதான் இருந்தது. செத்தது அதன் முதுகுக்குப் பின்னால் இருந்த வயர். உயிரோடு இருப்பவனின் உயிலை யார் படிப்பார்கள்?

விடை நான் தினமும் போய்வரும் தண்டவாளத்திலேயே இருந்தது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் வரும்போது பார்க்கிற சிக்னல்களுக்குப் பின்னால் இருப்பது பழைய யோசனை. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1870 வாக்கில் ஒரு தடச் சுற்று செய்தார்: ரயில் வந்தால் மின்சாரம் பாயும், அபாயம் காட்டும். வயர் அறுந்தால்? ரயில் வந்தும் 'வழி காலி' என்றே இருக்கும். அது அப்படியே என் ஹேண்ட்லர்! 1872இல் அவரே அதைத் தலைகீழாக்கிக் காப்புரிமை வாங்கினார். தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், ஓடும்வரைதான் வழி காலி. சக்கரம் குறுக்கிட்டாலும், வயர் அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும் சிவப்புதான். 'காலி' என்பது சும்மா கிடைக்கும் நிலை இல்லை, நொடிக்கு நொடி நிரூபிக்கவேண்டிய நிலை.

இப்போது அந்த ஆலையில் ரெண்டு சந்தா. ஒன்று வெப்பநிலை மாற்றத்துக்கு, பழையபடி. இன்னொன்று பத்து நொடிக்கு ஒருமுறை அடிக்கும் டைமர் நிகழ்வுக்கு. அந்த ஹேண்ட்லர் கேட்பது ஒரே கேள்விதான்: கடைசியாக நல்ல அளவீடு வந்து எவ்வளவு நேரமாச்சு? அதற்காக மாட்பஸ் பதில் வந்த நேரத்தையும் கேட்வே சேர்த்து அனுப்புகிறது. முப்பது நொடி தாண்டினால் திரையில் 41 இருக்காது, 'தெரியவில்லை' என்று சிவப்பில் வரும், ஹாரன் அடிக்கும். தளம் வெறும் டேட்டா என்று கொடுப்பதை எப்போது வந்த டேட்டா என்று கேட்பது எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர் வேலை.

ராபின்சன் ரெண்டே வருஷத்தில் கண்டுபிடித்ததை நூற்றைம்பது வருஷம் கழித்து ஒரு ஸ்க்ரூ எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஃபர்னஸ்காரர் இன்னும் குழாயைத் தொட்டுப் பார்க்கிறார். வேண்டாம்னு நான் சொல்லலை.