நாட்டு வைத்தியமும் நம் கடமையும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே செல்வோர் காத்தான்குடியைக் கடந்ததும் அடையும் ஊர் ஆரையம்பதி. கிழக்கே கடல், மேற்கே வாவி. இவ்விரண்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். ஊரின் பழம்பெயர் ஆரைப்பற்றை என்பர். நீரோரச் சேற்றில் நான்கு சிற்றிலைகளோடு படரும் ஆரைக்கீரை மண்டிக் கிடந்த இடமாதலின் அப்பெயர் வந்ததென்பது ஊரார் கொள்கை. ஆரை கறிக்கு உதவும் கீரை மட்டுமன்று. நீரிழிவுக்கும் தீராத் தாகத்துக்கும் சித்த வைத்தியர் எடுத்தாளும் மூலிகையுமாகும். மூலிகையின் பெயரால் அழைக்கப்படும் ஊரிலிருந்து வைத்திய வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமேயாம்.

இப்பகுதியில் நோயுற்ற ஒருவன் என்ன செய்கிறான் என்பதை முதலில் நோக்குவோம். காய்ச்சல் கண்டால் கொத்தமல்லிக் குடிநீர். இரண்டு நாளில் தணியாவிடின் அரசினர் வைத்தியசாலை. எலும்பு முறிந்தால் படம் பிடிப்பது ஆஸ்பத்திரியில்; எண்ணெய் போட்டுக் கட்டுவது முறிவு வைத்தியரிடம். பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில், பெற்ற பின் பத்தியக் கறியும் சரக்குத் தூளும் வீட்டில். குழந்தை காரணமின்றி வீரிட்டு அழுதால் நாவூறு கழித்தல். அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை. தமிழ்ப் பரிகாரியின் திண்ணையில் முஸ்லிம் தாயும், ஓதிப் பார்க்கும் முஸ்லிம் பெரியாரின் முற்றத்தில் தமிழ்த் தாயும் காத்திருந்த காட்சி இக்கரையோர ஊர்களுக்குப் புதியதன்று.

இன்று உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் ஒருங்கிணைந்த மருத்துவம் என்றும் முழு மனித நலம் என்றும் பெயர் சூட்டி ஆராயும் பொருளை, எழுத்தறியாத நம் பாட்டிமார் பெயரிடாமலே நடத்தி வந்திருக்கின்றனர். ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. வைத்திய முறைகளை நோயாளி ஒன்றுசேர்த்தான், வைத்தியர்கள் ஒன்றுசேரவில்லை. பரிகாரி கொடுத்த குடிநீரை அவன் டாக்டரிடம் சொல்வதில்லை, ஏச்சுக்கு அஞ்சுகிறான். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பரிகாரியிடம் சொல்வதில்லை, பத்தியம் முறிந்ததென்பார் என்று அஞ்சுகிறான். இரண்டு வாசல்களுக்கிடையே பொய் சொல்லிக்கொண்டு நடக்கும் இந்நிலை எப்படித் தோன்றியது?

ஐரோப்பியர் வந்த நாளிலேயே இப்பிளவு தோன்றிவிடவில்லை. ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1672ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் ஐந்தாண்டுகள் இங்குத் தங்கி, இந்நாட்டுச் செடிகொடிகளைத் திரட்டினார். அத்திரட்டை ஆதாரமாகக் கொண்டே 1747இல் லின்னேயஸ் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் மருந்து வந்துசேர மாதக்கணக்காகும் காலம் அது. ஆகவே உள்ளூர் மூலிகையை இகழ அவர்களால் இயலவில்லை. தேவை இருந்த வரையில் மதிப்பும் இருந்தது.

தமிழ் வைத்தியமும் அந்நாளில் வெறும் செவிவழிச் செய்தியாக இருந்ததில்லை. யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் செய்யுள் வடிவில் நிலவின. பரராசசேகரத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பல பாகங்களாக அச்சேற்றினார். மட்டக்களப்பில் வாகடம் என்று வழங்கும் ஏட்டுச் சுவடிகள் பரிகாரிக் குடும்பங்களின் பெட்டிகளில் இருந்தன. தந்தை மகனுக்கும் மாமன் மருமகனுக்கும் சொல்லிக் கொடுத்தனர், பிறருக்கு மறைத்தனர். கைமுறையை வெளியிட்டால் மருந்து பலிக்காதென்ற நம்பிக்கை, பிழைப்புக்கு ஒரு வேலியாகவும் பயன்பட்டது. இந்த மறைப்பினால் அழிந்த அறிவு, அந்நியன் அழித்த அறிவுக்குக் குறைந்ததன்று என்பதை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுபவர். அவர் நாட்டு வைத்தியத்தைப் போற்ற வந்தவர் அல்லர். மேலை வைத்தியத்தை இங்கே நிலைநாட்ட வந்தவர். ஆனால் அதனைத் தமிழில் நிலைநாட்ட முற்பட்டார். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். உடற்கூற்று நூலும், 1857இல் பிரசவ வைத்தியமும், பின்னர் இரணவைத்தியமும் தமிழில் வெளிவந்தன. பரிகாரியின் மகனும் ஆஸ்பத்திரி மாணவனும் ஒரே மொழியில் ஒரே உடலைப் பற்றிப் பேசக்கூடிய வாய்ப்பு அன்று பிறந்தது.

அவ்வாய்ப்பு வளரவில்லை. 1858இல் குடியியல் வைத்தியத் திணைக்களமும், 1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரியும் தோன்றின. ஆங்கிலம் வைத்தியத்தின் மொழியாயிற்று. ஆங்கிலம் கற்கப் பொருள் உடையோரே டாக்டராயினர். ஆகவே டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையே நின்றது விஞ்ஞானம் மாத்திரமன்று. மொழியும் வர்க்கமும் நின்றன. உழவனின் நோய்க்கு உழவனின் சொல்லில் பெயர் இல்லாதொழிந்தது. சூடு என்றும் குளிர் என்றும் கரப்பான் என்றும் கிரந்தி என்றும் அவன் சொன்னவை அறியாமை எனத் தள்ளப்பட்டன. அச்சொற்களின் பின்னே உணவைப் பற்றியும் பருவத்தைப் பற்றியும் எத்துணை நுட்பமான வகுப்பு இருக்கிறதென்பதை, நம் கீழ்க்கரையில் பல்லாண்டு ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1998இல் ஒரு நூலாகவே எழுதிக் காட்டினார். நம் வீட்டுச் சொல்லின் பொருளை உலகுக்கு அறிவிக்க ஓர் அமெரிக்கர் வரவேண்டியிருந்தது!

தேசிய இயக்கம் எழுந்தபோது நாட்டு வைத்தியமும் தலைநிமிர்ந்தது. சென்னையில் 1921இல் அமைக்கப்பட்ட உஸ்மான் குழு இந்திய வைத்திய முறைகளை ஆராய்ந்து 1923இல் அறிக்கை தந்தது. அதன் செயலாளரான கப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, மேலை வைத்தியம் கற்றிருந்தும் நம் வைத்தியத்தின் தத்துவத்துக்காக வாதாடினார். இலங்கையில் 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகிய அனைத்தையும் ஆயுர்வேதம் என்னும் ஒரு பெயருக்குள் அடக்கி, தனித் திணைக்களமும் வைத்தியர் பதிவும் அமைத்தது. அடுத்த ஆண்டு நாவின்னையில் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாயிற்று. இவை பெருமைக்குரியவையே. எனினும் இரு வைத்தியங்களுக்கும் இரு திணைக்களம், இரு பதிவேடு, இரு மருந்தகம் என்றாயின. மதிப்புக் கிடைத்தது; உறவு கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் நம்மவருள் ஒருசாரார், பழையதெல்லாம் பொன் என்று பாடத் தொடங்குவர். அவர்களுக்கு 1934-35ஆம் ஆண்டுகளை நினைவூட்ட விரும்புகிறோம். அப்பொழுது பரவிய மலேரியாவில் இந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். எந்த வாகடமும் அவர்களைக் காக்கவில்லை. 1946இல் ஆயிரத்துக்கு 20 என்றிருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 ஆகக் குறைந்ததில் டீ.டீ.ரி. தெளிப்புக்குப் பங்குண்டு. 2016இல் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது நுளம்பையும் குருதியையும் ஆராய்ந்த விஞ்ஞானத்தின் வெற்றியேயாம்.

ஆனால் அதே கொள்ளைநோய் மற்றொரு பாடத்தையும் புகட்டியது. அந்நாளில் நிவாரணத்துக்குக் கிராமம் கிராமமாகச் சென்ற சூரியமல் இயக்கத் தொண்டர்கள், கொயினா மட்டும் போதாதென்பதைக் கண்டனர். வரட்சியால் விளைவு பொய்த்திருந்தது. பட்டினியால் உடல் நோயைத் தாங்கவில்லை. எனவே அவர்கள் மார்மைட் என்னும் சத்துணவை உருட்டி உருண்டைகளாக்கி மக்களுக்குக் கொடுத்தனர். நுளம்பு ஒரு காரணம். பசி மற்றொரு காரணம். நோயாளியின் உடலோடும் மனத்தோடும் அவன் கூலியையும் அடுப்பையும் சேர்த்துப் பார்க்காத எந்த வைத்தியமும், எத்துணை அழகிய பெயர் பூண்டாலும், முழு மனித வைத்தியமாகாது.

மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைகாசித் திங்களில் கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் கதவு திறந்து குளிர்த்தி பாடுவர். மதுரையை எரித்த சினம் தணிய, வெம்மை நோய்கள் தணியும் என்பது நம்பிக்கை. பெரியம்மைக்கு எதிரான பாற்குத்தல் 1802இல் இலங்கைக்கு வந்தது. 1980இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்தது. அதனை ஒழித்தது தடுப்பூசி. ஆயினும் வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் அயலார் புகாமையும், நோயாளி தனியே தூய்மையாக வைக்கப்பட்டமையும் தொற்றைத் தடுக்கும் அறிவன்றோ? மேலும், அம்மாள் வந்திருக்கிறாள் என்று சொல்லப்பட்ட நோயாளி வெறுக்கப்படவில்லை, வணங்கப்பட்டான்.

யுத்த காலத்தில் இதன் மற்றொரு முகம் தெரிந்தது. மகன் எங்கே என்று எந்த அலுவலகமும் சொல்லாத வேளையில், மட்டக்களப்புத் தாய்மார் அம்மன் கோயிலில் வாக்குச் சொல்பவளிடம் சென்று அழுதனர். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளார். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம், 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதியதோடு, ஆசனம், செபம் போன்ற மரபுப் பயிற்சிகளையும் சிகிச்சையோடு இணைத்தார். வாக்குச் சொல்பவள் காணாமற்போனவனை மீட்டுத் தரவில்லை. அழுவதற்கு ஓர் இடம் தந்தாள். அதற்கு மேல் அவளிடம் கேட்பது பிழை. அதனையும் இகழ்வது பெரும் பிழை.

இனி, இணைப்பு தவறினால் நேர்வதைச் சொல்வோம். நாம் கற்பித்த மாணவன் ஒருவனின் தந்தையை வயலில் பாம்பு தீண்டியது. முதலில் பார்வை பார்த்து நூல் கட்டினர், கல் வைத்தனர், நான்கு மணி நேரம் கழிந்தது. ஆஸ்பத்திரியில் விஷமுறி மருந்து இருந்தது. ஏற்கும் நிலையில் உடல் இருக்கவில்லை. மறுவாரம் அம்மாணவன் பாடசாலைக்கு வரவில்லை, வயலுக்குச் சென்றான். இலங்கையில் ஆண்டொன்றுக்குப் பாம்புக்கடிக்கு உள்ளாவோர் ஏறத்தாழ 80,000 பேர், இறப்போர் 464 பேர் என்று 2012-13இல் வீடுவீடாக நடத்திய ஆய்வு கணித்தது. கடிபட்டவனை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் விஷகடி வைத்தியர், தம் கலைக்குத் துரோகம் செய்பவராகார். அவனைக் காப்பாற்றுபவர் அவரே.

நஞ்சு முறிக்கும் என்று நம் நூல்கள் சொல்லும் ஈச்சுரமூலியின் இனச் செடியொன்றை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதுற்றதாக 1993இல் பெல்ஜியத்திலிருந்து செய்தி வெளிவந்தது. அவ்வினத்திலுள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைக்கும் என்பது இன்று தெளிந்த உண்மை. மூலிகையென்றால் தீங்கில்லை என்ற பேச்சு இத்துடன் ஓய வேண்டும். 2020இன் இறுதியில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர் கொரோனாவுக்கென ஒரு பாணி காய்ச்சியபோது, ஆயிரக்கணக்கானோர் அவர் வாசலில் கூடினர். சுகாதார அமைச்சரே அதனைப் பகிரங்கமாக அருந்தினார். சில வாரங்களில் அவருக்கும் அந்நோய் தொற்றியது. மரபின் பெயரால் மக்களின் அச்சத்தைப் பயன்படுத்துவோர் மரபுக்கு நண்பராகார்.

அப்படியாயின் வழி யாது? ஆராய்ச்சியே வழி. சீனத்தில் து யூயூ என்ற பெண் அறிஞர், மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டினார். மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு நான்காம் நூற்றாண்டு நூலொன்றில் இருந்த குறிப்பு, வெப்பம் மருந்தைக் கெடுக்கின்றது என்ற எண்ணத்தை அவருக்கு அளித்தது. குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார், ஆர்ட்டிமிசினின் பிறந்தது, 2015இல் நோபல் பரிசு கிட்டியது. அவர் ஏட்டை வணங்கவுமில்லை, எரிக்கவுமில்லை, வாசித்தார், சோதித்தார். இங்கும் 2005இல், கொத்தல ஹிம்புட்டு என்று சிங்களவர் வழங்கும் கொடியாற் செய்த தேநீரை, 51 நீரிழிவு நோயாளரிடம், எது மருந்து எது வெறுந்தேநீர் என்று கொடுப்போரும் குடிப்போரும் அறியாவண்ணம் சோதித்தனர். சர்க்கரை குறைந்தமை தெரிந்தது. ஆள் தொகை சிறிது, முறை சரியானது. நம் ஆரைக்கும் இத்தகைய சோதனை வேண்டும்.

சோதித்த பின் பயன் யாருக்கு என்பதும் கேள்வி. மஞ்சள் புண் ஆற்றும் என்ற அறிவுக்கு 1995இல் அமெரிக்காவில் தனியுரிமை வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞானிகள் வழக்காடி 1997இல் அதனை நீக்கினர். ஏடுகளைத் தொகுக்காத சமூகம் இவ்வாறு வழக்காடவும் இயலாது.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்னும் நால்வகையையும் சேர்த்தே மருத்துவம் என்றார் வள்ளுவர். அந்நான்கையும் நாம் பிரித்துவிட்டோம். சேர்க்கும் பணி வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. பண்டிதர் வி.சீ. கந்தையா தம் 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலை 1964இல் வெளியிட்டபோது, வாய்மொழியாய்க் கிடந்த பலவற்றை எழுத்தில் ஏற்றினார். அவர் பணியைத் தொடர்வது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இயலாததா? விடுமுறை நாளில் முதிய பரிகாரியிடமும் மருத்துவிச்சியிடமும் அமர்ந்து கேட்டு எழுதுவோம். செடியின் உள்ளூர்ப் பெயரோடு தாவரவியற் பெயரையும் குறிப்போம். பலித்ததை எழுதுவது போலவே பலியாததையும் எழுதுவோம். டாக்டரிடம் குடிநீரை மறைக்காதே, பரிகாரியிடம் மாத்திரையை மறைக்காதே என்று நம் வீட்டாருக்குச் சொல்வோம். ஏசாமல் கேட்கும்படி டாக்டரையும் வேண்டுவோம்.

வாவிக்கரையில் ஆரை இன்னும் முளைக்கிறது. அதன் குணம் அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். காலம் தாழ்த்த நமக்கு உரிமையில்லை.