பழைய நீராவிப் பொறியும் புதுப்பித்தலின் பொருளும்

மாலை மணி ஒலிக்கும் வேளையில் விளக்கின் விசையை அழுத்துகிறோம், ஒளி வருகிறது. அது எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. அணைகளும் காற்றாலைகளும் கதிரவனும் தரும் பங்கு ஒருபுறமிருக்க, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிவதும் கூடங்குளத்தில் அணு பிளவுறுவதும் ஒரே வேலைக்காகத்தான்: தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியாக்குவது. அந்நீராவியே சக்கரத்தைச் சுழற்றி மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. நீராவியின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணும் நாம், அது தரும் ஒளியில் அமர்ந்தே செபமாலை சொல்லுகிறோம்.

நீராவிக்கும் மின்விளக்குக்கும் இடையே நிகழ்ந்த இந்த மணவினை நூற்றாண்டு கடந்த ஒன்று. 1882 செப்டம்பர் 4-ஆம் நாள், நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் தாமஸ் எடிசன் தம் மின்நிலையத்தை இயக்கிவைத்தார். அன்று எரிந்தவை ஏறத்தாழ 400 விளக்குகள். அங்கிருந்த மின்னாக்கி ஒவ்வொன்றும் 27 டன் எடையுடையது. அந்நாளில் புகழ்பெற்றிருந்த சர்க்கஸ் யானையின் பெயரால் அவற்றை 'ஜம்போ' என்று அழைத்தனர். ஒவ்வொரு ஜம்போவையும் ஒரு நீராவிப் பொறி நேரடியாகச் சுழற்றியது. தொடக்கச் சோதனையின்போது இரண்டு பொறிகளை ஒன்றாக இணைத்ததும், ஒன்று வெறிகொண்டு ஓட மற்றொன்று தளர்ந்தது. பின்பு இது ஓட அது தளர்ந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததே காரணம். இறுதியில் அப்பொறிகளையே மாற்றவேண்டியதாயிற்று. 1890 சனவரி 2-ஆம் நாள் அந்நிலையம் தீக்கிரையானபோது, ஒன்பதாம் எண் ஜம்போ மட்டும் பிழைத்தது. மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் அதனைக் காப்பாற்றி வைத்திருக்கின்றனர்.

இதற்கிடையே, 1884-இல் இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைனை உருவாக்கினார். முன்னும் பின்னும் அசையும் உந்துதண்டுக்கு அங்கே வேலையில்லை. நீராவி நேரே சக்கர இதழ்களில் பாய்ந்து சுழற்றிற்று. காலப்போக்கில் பழைய பொறிகள் ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

எல்லாம் போகவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள பிராட் கல்வி நிறுவனத்தில், 1900-இல் ஏம்ஸ் இரும்பு ஆலை செய்தளித்த மூன்று நீராவிப் பொறிகள், வளாகத்திற்கு நேர்மின்னோட்டம் தந்துவந்தன. 1958-இல் அங்கே பணியில் சேர்ந்து பின்னர் தலைமைப் பொறியாளரான கான்ராட் மில்ஸ்டர், அவற்றைத் துடைத்து, எண்ணெயிட்டு, பழுதுநீக்கிப் பல பத்தாண்டுகள் காத்தார். 1977-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகம் அவற்றை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1942-இல் நியூயார்க் துறைமுகத்தில் தீப்பற்றிக் கவிழ்ந்த 'நார்மண்டி' கப்பலின் சங்கும் அங்கே நீராவியால் மீண்டும் குரல் பெற்றது. ஆண்டின் இறுதி இரவில் அச்சங்கொலி கேட்க மக்கள் கூடுவார்கள். 2014-ஆம் ஆண்டின் இறுதி இரவோடு அவ்வழக்கம் நின்றது.

பழம்பொறியை மீண்டும் இயக்குவது இனிய பொழுதுபோக்கு என்று நினைக்கலாம். ஆனால், இந்த வரலாற்றுக்குக் குருதி படிந்த ஒரு பக்கமும் உண்டு.

1905 மார்ச் 20-ஆம் நாள், அமெரிக்காவின் பிராக்டன் நகரில் இருந்த குரோவர் காலணித் தொழிற்சாலையில் ஒரு கொதிகலன் வெடித்தது. புதிய கொதிகலன் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், ஒதுக்கிவைத்திருந்த பழையதை அன்று மூட்டியிருந்தனர். அது கூரையைப் பிளந்துகொண்டு பறந்தது. கட்டடம் சரிந்து தீப்பற்றியது. காலையில் வேலைக்கு வந்த தொழிலாளருள் 58 பேர் மாண்டனர். அதன் விளைவாக 1907-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கொதிகலன்களுக்குச் சட்டம் வகுத்தது. 1914-இல் இயந்திரப் பொறியாளர் கழகமும் பொது விதிகளைத் தொகுத்தது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தொழிலாளருக்காகக் குரல் எழுப்பிப் பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. தொழிலாளியின் உயிர் இயந்திரத்தினும் மேலானது என்பதை உலகம் கற்க, எத்தனை உயிர்களை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது!

விலை கொடுத்துக் கற்ற பாடமும் மறந்துபோகும். 2001 சூலை 29-ஆம் நாள் ஒகையோ மாநிலத்தின் மெடினா நகரில், கண்காட்சித் திடலுக்கு வந்த பழைய நீராவி இழுவைப்பொறி ஒன்று வெடித்து ஐந்து பேர் இறந்தனர். கொதிகலனில் தண்ணீர் குறைந்திருந்தது. நெருப்பறையின் மேற்தகடு மெலிந்திருந்தது. தண்ணீர் குறைந்தால் உருகி எச்சரிக்கவேண்டிய அடைப்பானும் நல்ல நிலையில் இல்லை. இக்குறைகள் எல்லாம் உள்ளே இருந்தவை. திடலில் கூடியிருந்தோரின் கண்ணுக்குத் தெரியக்கூடியவை அல்ல.

ஆகவேதான் பழம்பொறியை உயிர்ப்பிப்போர் வர்ணத்திலிருந்து தொடங்குவதில்லை. முதலில் கொதிகலனின் உட்புறத்தைச் சுரண்டி, தகட்டின் கனத்தை அளக்கின்றனர். பிறகு அதனைக் குளிர்ந்த நீரால் விளிம்புவரை நிரப்பி, காற்று முழுவதையும் வெளியேற்றி, இயங்கும் அழுத்தத்தைவிட அதிகமாக, பெரும்பாலும் ஒன்றரை மடங்குவரை, அழுத்திப் பார்க்கின்றனர். நீராவியால் சோதித்தால் என்ன? கொதிகலன் பிளந்தால், உள்ளிருக்கும் கொதிநீர் நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து அனைத்தையும் தகர்த்துவிடும். குளிர்ந்த நீரோ அழுத்தத்தால் சுருங்குவதில்லை. ஆதலால் வெடிப்பு இருந்தால் சில துளிகள் கசியும், அவ்வளவே. குறை தெரிந்துவிடும், உயிர்ச்சேதம் இராது.

இதனை எண்ணும்போது, ஒப்புரவு அருட்சாதனத்திற்கு முன் நாம் செய்யும் ஆன்ம சோதனை நினைவுக்கு வருகிறது. அதுவும் குளிர்நீர்ச் சோதனையே. சினமும் ஆசையும் கொதித்தெழும் நேரத்தில் நம் குறைகளை நாம் அறிவது மிகக் கடினம். அப்போது அவை வெடித்த பின்பே தெரியவருகின்றன. அமைதியில், இறைவன் திருமுன், மனத்தை நிரப்பி அழுத்திப் பார்க்கும்போது, கசிவு கண்ணீராக வெளிப்படுகிறது. அதனால் எவருக்கும் கேடில்லை.

குடும்பங்களுக்கும் பங்குகளுக்கும் இது பொருந்தும். திருவிழா நெருங்கும்போது கோபுரத்திற்கு வர்ணம் பூசுகிறோம், கொடிமரத்தை மெருகேற்றுகிறோம். அவை தேவையே. ஆனால், பேசாதிருக்கும் அண்ணன் தம்பியரும், தீராத சாதிப் பிளவும், கணக்குக் கேட்டால் எழும் பகையும் உள்ளே துருப்பிடித்த தகடுகளாய் இருக்குமானால், வெளி மெருகே ஆபத்தாகிவிடும். பார்ப்பவர் நம்பி அருகில் வந்துவிடுவார் அன்றோ? வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் கூறிய கடுஞ்சொல்லின் பொருளை இங்கே உணர்கிறோம். சான் தமியானோ சிற்றாலயத்தில் இறைவனின் அழைப்பைக் கேட்ட அசிசியார், முதலில் கல் சுமந்து சுவரைத் திருத்தினார். சீர்பெறவேண்டியது திருச்சபை என்பதைப் பின்னரே கண்டுகொண்டார்.

பழையதை எறிந்துவிடுவதும் எளிது. பூச்சுப் பூசி வைப்பதும் எளிது. அதனைப் பிரித்து, சோதித்து, மெலிந்ததை மாற்றி, மீண்டும் பணிக்கு அனுப்புவதே அரிது. சோதனையில் தேறிய கொதிகலனைக்கூட ஒரேயடியாகச் சூடேற்றமாட்டார்கள். சிறு நெருப்பில், மணிக்கணக்கில், மெல்ல மெல்லவே வெப்பமூட்டுவார்கள். பின்னர் உந்துதண்டு அசையும், சக்கரம் சுழலும், மின்விளக்கின் இழை முதலில் சிவந்து, பின் ஒளிரும். அவ்வொளியின் அடியில் பிராக்டனில் மாண்ட 58 பேரின் நினைவும் இருக்கிறது. அவர்கள் இறந்ததால் எழுதப்பட்ட விதிகளே இன்று பொறியின் அருகில் நிற்போரைக் காக்கின்றன. அடுத்தமுறை விளக்கின் விசையை அழுத்தும்போது, அவர்களுக்காகவும் ஒரு சிறு மன்றாட்டைச் சொல்லுவோம்.