வங்கதேசத் தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை

ஆயத்த ஆடைத் தொழிலாளரின் உயிர்ப் பாதுகாப்பை, ஆடை வாங்கி விற்கும் உலக நிறுவனங்களின் சட்டப் பொறுப்பாக்கிய ஒப்பந்தம். 2013 மே மாதம் கையெழுத்தானது.

அதற்கு முன்பு இருந்தவை நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொண்ட நடத்தை விதிகளும் தனியார் தணிக்கைச் சான்றிதழ்களுமே. அவை எவ்வளவு பொய்யானவை என்பதைக் கராச்சி காட்டியது. 2012 செப்டம்பரில் 250-க்கும் மேற்பட்டோர் எரிந்து மாண்ட அலி எண்டர்பிரைசஸ் ஆலை, சில வாரங்களுக்கு முன்தான் தரச்சான்று பெற்றிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆலைத் தீ நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

2013 ஏப்ரல் 23 அன்று டாக்கா அருகே சாவாரில், ஆடை ஆலைகள் இயங்கிய எட்டு மாடி ராணா பிளாசாவின் தூண்களில் விரிசல் விழுந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும், சம்பளம் பிடிக்கப்படும் என்று மிரட்டி, மறுநாள் காலை உள்ளே அனுப்பினார்கள். மின்சாரம் போயிற்று, மேல்மாடி ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, கட்டடம் சரிந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். ஒரு தொழிற்சங்கம் இருந்திருந்தால் அன்று காலை அவர்கள் வாசலிலேயே நின்றிருக்கக்கூடும்.

மூன்றே வாரங்களில் இண்டஸ்ட்ரிஆல், யுஎன்ஐ ஆகிய உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளுடன் நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்தன. பின்னர் இருநூறுக்கும் மேற்பட்டவை சேர்ந்தன. ஆய்வறிக்கைகள் பொதுவில் வெளியாயின. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. வெளியேறும் வழிகளில் பூட்டிக் கிடந்த இழுப்புக் கதவுகளைக் கழற்றித் தீத்தடுப்புக் கதவுகள் மாட்ட வேண்டியிருந்தது. சீரமைப்புக்குப் பணம் கிடைக்க வழிசெய்வதும் வாங்கும் நிறுவனத்தின் கடமையானது. கடமை தவறினால் நடுவர் மன்றம்: தி ஹேக்கில் தொடரப்பட்ட ஒரு வழக்கில் பெயர் வெளியிடப்படாத நிறுவனம் 23 லட்சம் டாலர் தர 2018-ல் இணங்கியது. வால்மார்ட், கேப் முதலியவை இதில் சேராமல் தனிக் கூட்டணி அமைத்தன. அதில் தொழிற்சங்கங்கள் ஒப்பந்தத் தரப்பாக இல்லை.

ராணா பிளாசாவில் பாதிக்கப்பட்டோருக்கான 3 கோடி டாலர் இழப்பீட்டு நிதி, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மேற்பார்வையில் 2015-ல்தான் நிரம்பியது. கொடை திரட்டிச் சேர்த்ததால் வந்த தாமதம் அது.

2020-ல் வங்கதேசப் பணிகள் உள்நாட்டு மன்றமொன்றுக்கு மாறின. 2021-ல் பன்னாட்டு உடன்படிக்கை உருவாகி, பின்னர் பாகிஸ்தானுக்கும் விரிந்தது. கட்டடத்துக்கு அப்பாலும் இதே வழி பயன்பட்டது: ஆலைப் பெண் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, பாலியல் வன்முறைக்கு எதிராக 2022-ல் திண்டுக்கல் உடன்பாடு கையெழுத்தானது. அதை முன்னின்று பெற்றது பெண்கள் தலைமையிலான தமிழகத் தொழிற்சங்கம்.