ஊருக்கொரு மாறியா, ஒரே டிக்ஷனரியா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி எல்லாம் வானம் பார்த்த பூமி. இங்கே மழைக்கணக்கைப் பைத்தானில் போட உட்கார்ந்தால், ஊர்ப்பெயர் கீயாகவும் மில்லிமீட்டர் மதிப்பாகவும் ஒரு டிக்ஷனரி கைக்கு வந்துவிடும். உடனே ஓர் ஆசையும் வரும்: மழை["திருச்சுழி"] என்று அடைப்பும் மேற்கோளும் எதற்கு, வெறுமனே திருச்சுழி என்றால் போதாதா?

போதும். பைத்தான் 3-இல் தமிழிலேயே மாறிக்குப் பெயரிடலாம். குளோபல்ஸ்().அப்டேட்(மழை) என்ற ஒரே வரியில் கீகளெல்லாம் மாறிகளாகிவிடும். குளோபல்ஸ் தருவதும் ஒரு டிக்ஷனரிதான். ஒன்றிலிருந்து இன்னொன்றில் கொட்டுகிறோம், அவ்வளவே. ஷெல்லில் நாலு கூட்டல் போட இது சுகம்.

சிக்கல் ம.ரெட்டியபட்டி என்ற புள்ளி வைத்த ஊர்ப்பெயரில் ஆரம்பிக்கிறது. அந்தக் கீயையும் குளோபல்ஸ் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலோ, 'ம' என்ற மாறியைத் தேடிப்போய் அப்படியொன்று இல்லை என்று கைவிரிக்கும். டிக்ஷனரிக்குப் புள்ளி ஒரு பொருட்டே இல்லை.

அருப்புக்கோட்டை இன்னும் வம்பு. 'கோ'வின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டாகப் பிரிந்தும் வரலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. நிரலில் நாம் எழுதும் மாறிப்பெயரைப் பைத்தான் தானே ஒற்றைக் குறியாக்கிக்கொள்ளும், குளோபல்ஸில் கொட்டிய கீயைத் தொடாது. மழைக்கணக்குக் கோப்பில் பிரிந்த வடிவம் இருந்தால் அந்த மாறியைப் பெயர் சொல்லி எட்டவே முடியாது. டிக்ஷனரியிலும் பொருந்தாமை வரும்தான். ஆனால் கோப்பிலிருந்து நகலெடுத்து மேற்கோளுக்குள் ஒட்டினாலாவது கிடைக்கும்.

ஃபங்ஷனுக்குள் இதே வேலைக்கு லோக்கல்ஸ்()-ஐ நம்பவே வேண்டாம். பைத்தான் 3.13 முதல் அது தருவது வெறும் நகல். அதில் எழுதினால் மாறி உருவாகாது.

இந்தச் சீமையில் 0 மழை வேறு, அளவே எடுக்காதது வேறு. நரிக்குடியின் பதிவு வராத நாளில் மழை.கெட்("நரிக்குடி") 'நன்' (None) என்று பதில் சொல்லும். மாறி வழியில் நிரலே நின்றுபோகும். மொத்தம் பார்க்க சம்(மழை.வேல்யூஸ்()) போதும். மாறிகளாக்கிவிட்டால் ஊர் ஊராகக் கூட்டவேண்டும், புது ஊர் சேரும்போதெல்லாம் அந்த வரியைத் திருத்தவேண்டும்.

மேற்கோள் அடிக்கச் சலிப்பாக இருந்தால் சிம்பிள்நேம்ஸ்பேஸ்(**மழை) என்று தனிப் பொருளாக்கிக்கொள்ளுங்கள். 'கோ' வம்பும் புள்ளி வம்பும் அங்கேயும் உண்டு, ஆனால் குளோபல்ஸைப்போல, அதே பெயருள்ள உங்கள் மற்ற மாறிகளை அது அழிக்காது. குளோபல்ஸை ஷெல்லோடு நிறுத்துங்கள். சேமித்துவைக்கும் நிரலில் டிக்ஷனரியே இருக்கட்டும்.