சேம அச்சும் ஸ்டெப்னியும்: ஒரு முன்னெச்சரிக்கையின் வரலாறு

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பழைய பண்டகசாலைகள் ஒருபுறம் காயலையும் மறுபுறம் சாலையையும் நோக்கி நிற்பவை. தோணியில் வந்த மிளகும் சுக்கும் அங்கேதான் சக்கரத்துக்கு மாறின. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் புழங்கும் அவ்வட்டாரத்தில், வண்டியின் மாற்றுச் சக்கரத்துக்குப் பொதுவாக வழங்கும் பெயர் ஸ்டெப்னி. மலையாளத்தில் அது 'ஸ்டெப்பினி' என ஒலிக்கும்.

இச்சொல் உண்மையில் ஒரு தெருவின் பெயர். தொடக்ககால மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரமின்றியே விற்கப்பட்டன. டயர் காற்றிழந்தால் ஓட்டுநர் சாலையோரத்திலேயே அதைக் கழற்றி, டியூபை ஒட்டியாக வேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள் 1904இல் இதற்குத் தீர்வு கண்டனர். ஆரக்கால் இல்லாத வளையம் ஒன்றில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பழுதான சக்கரத்தோடு இறுக்கிப் பூட்டும்படி அதை அமைத்தனர். அந்நகரின் ஸ்டெப்னி தெருவே அதற்குப் பெயர் தந்தது. பிரிட்டனில் சொல் மறைந்தது. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மால்ட்டாவிலும் நிலைத்தது. பிரேசிலின் போர்ச்சுகீசியத்தில் 'எஸ்டெபி' ஆயிற்று.

சொல் புதிது, அது குறிக்கும் கருத்தோ மிகப் பழையது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை, உமணர் தம் வண்டியின் அடிமரத்தில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். அந்த அச்சு தேவைப்படுவதற்கான காரணங்களையும் அப்பாடல் அடுக்குகிறது: எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை, வண்டியில் ஏற்றிய பண்டமோ பெரிது, பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் என்ன நேரும் என்பதை அறிந்தவர் எவருமிலர்.

உமணரின் வண்டி சரக்கு வண்டி மட்டுமன்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உப்பு வண்டியில் கோழிக்கூடு உண்டு. சிறு உரல் தொங்குகிறது. குழந்தையை உடைய பெண் எருதை ஓட்டுகிறாள். அது நகரும் வீடு. இன்றைய கேரவனின் முன்னோடி என்று அதைக் கொள்வதில் தவறில்லை.

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது; 2022இல் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. நகரும் வீட்டோடு பழைய சிக்கலும் திரும்பியிருக்கிறது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து சூடேறும். ரப்பருக்கும் உள்ளிழைக்கும் இடையிலான பிடிப்பு தளரும். இறுதியில் மேற்பட்டை உரிந்து, சுழலும் வேகத்தில் சாட்டையாய் அடிக்கும். சாதாரணக் காரில் சக்கர வளைவின் தகடு கிழிவதோடு சேதம் நிற்கக்கூடும். கேரவனில் அத்தகட்டுக்கு அப்பால் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் செல்லக்கூடும், அவையும் அறுபடும்.

ஸ்டெப்னி இச்சேதத்தைத் தடுப்பதில்லை. வெடித்த பிறகே அதற்கு வேலை. சக்கர வளைவுக்குள் தடித்த உலோகத் தகடு பொருத்துவதும், குழாய்களையும் கம்பிகளையும் இடம் மாற்றுவதும் சேதத்தைக் குறைக்கும். வெடிப்பையே தவிர்ப்பவை வேறு: டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்த்தல், ஒவ்வோர் அச்சின் மீதும் விழும் சுமையை எடைபோடுதல், டயரின் வயதை அறிதல். பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும்; 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மாதக்கணக்கில் நிற்கும் கேரவனில் பட்டை தேயாமலே ரப்பர் முதுமையடைவதால், இந்த எண்ணே நம்பத்தக்க சான்று.

2020இல் இந்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. 3.5 டன்னுக்கு மிகாத பயணியர் வாகனத்தில் டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பழுதுநீக்கும் பொருள்களும் இருந்தால் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை. அவ்வெடையை மிஞ்சும் பெரிய கேரவன்களுக்கு இச்சலுகை பொருந்தாது. ஆயினும் திசை தெளிவு: மாற்றுப்பொருளைச் சுமப்பதிலிருந்து, கேட்டை முன்னறிவதை நோக்கிச் சட்டம் நகர்ந்துள்ளது.

இவ்விடத்தில் இரு சொற்களின் வேறுபாடு பொருள் பெறுகிறது. ஸ்டெப்னி தன் பிறப்பிடத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. சேமம் என்பதன் பொருளோ பாதுகாப்பு. அது தன் நோக்கத்தைச் சுமக்கிறது. ஔவையார் குறித்த இளைய எருதும் மிகைச் சுமையும் அறியாத வழியும் இன்றைய பட்டியலில் பழைய டயராகவும் மிகைச் சுமையாகவும் மலைச் சாலையாகவும் நிற்கின்றன. மட்டாஞ்சேரியிலிருந்து வாகமண் ஏறும் வண்டிக்கு மாற்றுச் சக்கரம் துணை. அக்காரணங்களை அறிந்து புறப்படுவதே சேமம்.