ட்யூப்லைட்டுக்குள் இருந்த பொடி

சொன்னது உடனே புரியாமல் கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பவரை 'ட்யூப்லைட்' என்று கிண்டல் செய்வோம். பழைய ட்யூப்லைட் சுவிட்சைத் தட்டியதும் எரியாது. இரண்டு தடவை மினுக்கிவிட்டு அப்புறம்தான் எரியும். அந்த விளக்கைச் செய்தவர்களுக்கு என்ன ஆனது என்பதும் உலகத்துக்கு அப்படித்தான், ரொம்பத் தாமதமாக உறைத்தது.

அமெரிக்காவில் ட்யூப்லைட் விற்பனைக்கு வந்தது 1938இல். பின்னாலேயே போர் வந்தது. ராத்திரி பகலாக ஓடிய ஆலைகளுக்கு வெளிச்சம் தேவைப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலத்தில் இந்த விளக்குகளைச் செய்தார்கள். நம்ம சேலம் இல்லை. 1692இல் சூனியம் வைத்ததாகச் சொல்லி ஆட்களைத் தூக்கிலிட்ட சேலம். வேலை செய்தவர்களில் இளம்பெண்கள் நிறைய. கண்ணாடிக் குழாயின் உட்புறம் ஒரு வெள்ளைப் பொடியைப் பூச வேண்டும். அதுதான் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளிச்சமாக மாற்றும். அந்தப் பொடியில் பெரிலியம் என்ற உலோகம் இருந்தது.

சரி, வேலையில் அடிபட்டால் யார் பொறுப்பு? முன்பெல்லாம் முதலாளியின் தவறை நீதிமன்றத்தில் தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். 1911 முதல் அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாக இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தன. யார் தவறு என்ற கேள்வியே கிடையாது. வேலையில் காயம் பட்டால் மருத்துவச் செலவும் சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். பதிலுக்கு, தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போட முடியாது.

இந்தப் பணம் காப்பீட்டிலிருந்து வந்தது. தொழில்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, சம்பளத்தில் ஒவ்வொரு 100 டாலருக்கும் இவ்வளவு பிரீமியம் என்று வைத்தார்கள். கூரை வேய்கிறவருக்கு அதிகம், குமாஸ்தாவுக்குக் குறைவு. கை நசுங்குவது குறைந்தால் கட்டும் தொகையும் குறையும். ஆகவே இயந்திரத்துக்குத் தடுப்புப் போடுவது முதலாளிக்கே லாபம். நல்ல யோசனைதான், சந்தேகமில்லை.

ஆனால் அந்த விகிதத்தை எதை வைத்துக் கணக்கிட்டார்கள்? அந்த வகுப்பில் ஏற்கெனவே நடந்த விபத்துகளை வைத்து. மின்சாதனம் செய்யும் ஆலை என்றால் அச்சில் சிக்கிய விரல், கண்ணாடிக் கீறல், தீக்காயம், ஷாக். இவை கணக்கில் உண்டு. புதிதாக வந்த பொடிக்கு ஏது பழைய கணக்கு? தவிர, விபத்துக்கு ஒரு தேதி இருக்கும். மூச்சோடு உள்ளே போன தூசிக்கு எந்தத் தேதியைச் சொல்வது?

சேலத்துப் பெண்களுக்கு இருமல் வந்தது, மூச்சு வாங்கியது, எடை குறைந்தது. சிலருக்கு வேலையை விட்டு நின்ற பிறகுதான் நோயே தெரிந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்தால் காசநோய் போல இருக்கும், கிருமி இருக்காது. 'சார்காய்ட்' என்று எழுதினார்கள். காரணம் தெரியாத நோய்க்கான பெயர் அது. காரணமே தெரியாத நோய்க்கு வேலையை எப்படிக் குற்றம் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு 1943இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வு ஒன்று, பெரிலியம் தன்னளவில் நஞ்சில்லை என்று சொல்லியிருந்தது.

மாநிலத் தொழில் சுகாதாரப் பிரிவில் சேர்ந்த ஹாரியட் ஹார்டி என்ற மருத்துவர் இந்த நோயாளிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லோரும் எங்கே வேலை செய்தவர்கள்? 1946இல் அவரும் இர்விங் டேபர்ஷாவும் 17 பேரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். 1949 நடுவில் விளக்கு நிறுவனங்கள் பெரிலியத்தைக் கைவிட்டன. இதில் வயிறெரியும் விஷயம் ஒன்று உண்டு. பெரிலியம் இல்லாத, இன்னும் நன்றாக ஒளிரும் பொடியை பிரிட்டனில் 1942இலேயே கண்டுபிடித்திருந்தார்கள்.

ஆனால் பெரிலியம் விளக்கோடு நிற்கவில்லை. அணு ஆயுதத்துக்கும் அது தேவைப்பட்டது. ஒஹையோவின் லொரெய்ன் நகரில் பெரிலிய ஆலைக்குள் கால்கூட வைக்காத அக்கம்பக்கத்தவருக்கும் இதே நோய் வந்தது. வேலைத் துணியைத் துவைத்துக் கொடுத்தவர்களும் தப்பவில்லை. இவர்கள் அந்த ஆலையில் சம்பளம் வாங்காதவர்கள். சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கில் இவர்களுக்கு வகுப்பே கிடையாது.

1949இல் அணுசக்தி ஆணையம் ஒரு வரம்பு வைத்தது: வேலையிடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 2 மைக்ரோகிராம். டாக்சியில் போகும்போது இருவர் பேசி முடிவு செய்த எண் என்பதால் அதற்கு 'டாக்சி வரம்பு' என்றே பெயர். அமெரிக்க அரசு அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது 2017இல். நடுவில் 68 வருஷம்.

ஹார்டி 1952இல் பெரிலிய நோயாளிகளுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கினார். காப்பீட்டு அட்டவணையும் பதிவேடுதான்; ஆனால் இழப்பீடு கேட்டு வந்தவர்களைத்தான் அது எண்ணும். கேட்கத் தெரியாமல், கேட்க வழியில்லாமல் வீட்டில் மூச்சு வாங்கிக் கிடப்பவர்களை யாராவது தேடிப் போய்த்தான் எழுத வேண்டும். அப்படி எழுதும்வரை, அட்டவணையில் அந்த வேலை பாதுகாப்பான வேலையாகவே இருக்கும்.