டீ ஆற்றிலிருந்து ரெக்கோ வரை

ஒலிம்பிக்ஸ் சமயத்தில் வாட்டர் போலோவைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தொப்பி கட்டிய 14 பேர், ஒரு மஞ்சள் பந்து; தண்ணீருக்கு மேலே ஆட்டம், கீழே அடிதடி. இந்த ஆட்டத்தில் ஐரோப்பாவின் தலையாய கோப்பையை மற்ற எந்தக் கிளப்பையும்விட அதிகமாக, 11 முறை வென்ற அணி புடாபெஸ்டில் இல்லை, பெல்கிரேடிலும் இல்லை. இத்தாலியின் லிகூரியா கடற்கரையில், சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ரெக்கோ என்ற சிற்றூரில் இருக்கிறது. பெயர் புரோ ரெக்கோ.

ஆட்டம் பிறந்ததோ குளிர்ந்த ஸ்காட்லாந்தில். 1877இல் அபர்டீன் நகர விழாவில் டீ ஆற்றில் நடத்த வேடிக்கையாக ஏதாவது வேண்டியிருந்தது. வில்லியம் வில்சன் என்ற நீச்சல் ஆசிரியர் விதிகள் எழுதிக் கொடுத்தார். விதி என்று பெயர்தான். ஆரம்ப காலத்தில் பந்தை உடைக்குள் செருகிக்கொண்டு முங்கிப் போவார்கள். கோல்கீப்பர் கரைமேல் காத்திருந்து, எதிராளி நெருங்கியதும் அவர் தலைமேலேயே குதிப்பார். அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் குதிரைப் போலோ மோகம் தலைக்கேறியிருந்தது. அதுவும் அவர்கள் சரக்கல்ல. கச்சார் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் மணிப்பூரிகளிடம் கற்றுக்கொண்டது. பெயர் மட்டும் தண்ணீருக்குள் இறங்கியது, குதிரை கரையிலேயே நின்றுவிட்டது.

1900, 1908, 1912, 1920 என நான்கு ஒலிம்பிக்ஸ்களில் பிரிட்டன் தங்கம் வென்றது. அதோடு சரி. பார்த்துப் பழகியவர்கள் முந்திக்கொண்டார்கள். ஹங்கேரியில் பேலா கொம்யாதி என்ற பயிற்சியாளர், பந்தைத் தண்ணீரில் விடாமல் கையிலிருந்து கைக்கு வீசவைத்தார். 1932, 1936 தங்கங்கள் ஹங்கேரிக்குப் போயின. அதே 1936இல் கலிபோர்னியாவில் ஜிம்மி ஸ்மித், காற்றடைத்த ரப்பர் உறைப் பந்தைச் செய்தார். பழைய தோல் பந்து ஆட ஆடத் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். கடைசி நிமிடங்களில் அதை வீசுவதே தண்டனையாக இருந்திருக்கும்.

இத்தாலியில் 1891இல் ரோம் நகரத்து நீச்சல் கிளப் ஒன்று, வெர்ஜிலின் ‘ஈனிட்’ காவியத்தில் கப்பல் உடைந்து தத்தளிப்போர் வரும் இடத்திலிருந்து தனக்கு ‘ராரி நான்டெஸ்’ என்று பெயர் எடுத்துக்கொண்டது. தத்தளிக்கிறவர்களின் பெயரை நீச்சல் கிளப்புக்கு வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். ஆனால் பெயர் பிடித்துப்போய், ஃப்ளோரன்ஸ், கமோலி என்று ஊர் ஊராக அதையே வைத்தார்கள். 1913இல் ரெக்கோவில் தொடங்கிய கிளப்பும் ‘ராரி நான்டெஸ் எனோட்ரியா’ ஆனது.

பிறகு போர். ஜெனோவாவிலிருந்து ரோமை நோக்கிச் செல்லும் கரையோர ரயில் பாதை, ரெக்கோவில் ஓர் உயரமான பாலத்தின்மேல் ஊரைத் தாண்டுகிறது. அந்தப் பாலத்தைக் குறிவைத்து 1943 நவம்பரிலிருந்து நேசநாட்டு விமானங்கள் திரும்பத் திரும்ப குண்டு போட்டன. ஊரின் பெரும்பகுதி மண்ணாகிவிட்டது. பக்கத்து ஊர் கமோலியில் உயர்ந்த பழைய வண்ண வீடுகள் இன்றும் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. ரெக்கோவில் பெரும்பாலும் போருக்குப் பின் எழுந்த கட்டிடங்கள்தான். கிளப்பும் புதிதாக எழுந்தது, ஊர்ப் பெயரைத் தாங்கி ‘புரோ ரெக்கோ’வாக.

கமோலிக்காரர்கள் ஏற்கெனவே தேசியப் பட்டம் வென்றவர்கள். சில கிலோமீட்டருக்குள் சோரி, போலியாஸ்கோ என்று வரிசையாக அணிகள். இந்தப் பங்காளிப் போட்டிதான் ரெக்கோவை வளர்த்தது என்பேன். 1959இல் முதல் தேசியப் பட்டம் வந்தது. அப்போதைய நாயகன் எரால்டோ பிட்ஸோ. முதலை இனத்துக் கெய்மனின் பெயரே அவருக்குப் பட்டப்பெயர். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்றவர், நான்கு ஒலிம்பிக்ஸ் ஆடியவர். 1964 முதல் 1972 வரை தொடர்ந்து ஒன்பது தேசியப் பட்டங்கள். நடுவே 1965இல் ஐரோப்பியக் கோப்பை. அதை வென்ற முதல் இத்தாலிய அணி இதுதான். அதுவரை ரெக்கோவின் புகழுக்குக் காரணம், காகிதம்போல் மெல்லிய இரண்டு மாவு விரிப்புகளுக்கு நடுவே பாலாடைக்கட்டி உருகும் ஃபொகாச்சா. இப்போதும் கிளப்பின் புகழோடு அது போட்டி போடுகிறது.

இரண்டாம் அலை எண்ணெயோடு வந்தது. ரெக்கோவில் பிறந்து, நைஜீரியாவில் எண்ணெய்த் துறைக்கான துறைமுகத் தொழிலில் செல்வம் சேர்த்த காப்ரியேலே வோல்பி கிளப்பைக் கையிலெடுத்தார். மும்முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹங்கேரியின் தமாஷ் காஷாஷ் போன்றவர்கள் இந்தச் சிற்றூருக்குக் குடிவந்தார்கள். 2007, 2008, 2010, 2012 எனக் கோப்பைகள் குவிந்தன. உள்நாட்டில் ஈடுகொடுக்க ஆள் குறைந்ததால், எதிரிகளைத் தேடி அட்ரியாடிக் கடலின் எதிர்க்கரை அணிகளோடு அவர்களுடைய லீக்கிலேயே போய் ஆடினார்கள்.

காசும் நட்சத்திரங்களும் கலந்த இந்த வித்தையைச் செர்பியாவின் நோவி பெயோகிராட் கிளப்பும் கற்றுக்கொண்டது. 2022, 2023 ஐரோப்பிய இறுதிப் போட்டிகள் இரண்டும் பெல்கிரேடில், அந்த அணியின் சொந்த மண்ணில் நடந்தன. இரண்டிலும் வென்றது ரெக்கோ.